தொடாமல் இருத்தல்

பியூலா ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொண்டபோது முந்தின ஷிப்ட்காரரின் சூடு இன்னும் அதன் காதுப் பஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போன படுக்கையில் கை வைத்த மாதிரி, உடனே அவளுக்கு மகள் ஜெர்லினின் படுக்கை ஞாபகம் வந்தது, காலையில் அது சுருக்கமில்லாமல் விரித்துக் கிடந்தது, ராத்திரி அதில் யாருமே படுக்காதது போல, அப்படியானால் தூங்கினாளா இல்லையா, இல்லை எழுந்ததும் ஒழுங்காக விரித்து வைத்தாளா, அப்படி ஒழுங்காக வைக்க ஆரம்பித்தால் நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னாரா, திடீரென்று எல்லாவற்றையும் ஒழுங்காக வைக்க ஆரம்பித்தால் கவனமாக இருங்கள் என்று சொன்னாரா, இரண்டையும் சொன்னார், வேறு வேறு நாட்களில், வேறு வேறு பேச்சில். திரையில் வழக்கமான பிற்பகல். ஜன்னல் இல்லாத அந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறைக்குள் வெளியே வெயிலா மழையா என்று யாருக்கும் தெரியாது, ஏசி மட்டும் ஒரே குரலில் ஓதிக்கொண்டிருக்கும், கறுப்புத் திரையில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் வால் மாதிரி ஒரு பெயர், ஒரு உயரம், ஒரு வேகம், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் நூறு இருநூறு பேர் சாப்பாட்டுத் தட்டின் மேலிருக்கும் அலுமினியத் தாளைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள், அவர்களில் யாருக்கும் பியூலா என்று ஒருத்தி இருப்பது தெரியாது, தெரியாமல் இருப்பதுதான் அவளுடைய வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் ஜெர்லினுக்குத் தெரியும். ஜெர்லினுக்கு ஒவ்வொரு நிமிஷமும் தெரியும். "உன் கண்ணு என் முதுகுலயே இருக்கும்மா, நான் திரும்பாமலே சொல்லுவேன் நீ எங்க நிக்கறேன்னு," என்று போன வாரம் சொன்னாள், கோபமாகக்கூட இல்லை, சும்மா, தோசையைப் பிய்த்துக்கொண்டே. இன்று காலையும் அதே மேஜையில் அதே குரலில்தான் கேட்டாள். "மங்களூர் கிளினிக் வேலைக்குப் பதில் சொல்லணும்மா. அவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. போகட்டுமா?" பியூலா கைப்பையை எடுத்தாள், சாவியைத் தேடினாள், "சாயந்திரம் பேசலாம் மக்ளே," என்றாள். சாயந்திரம் என்று சொல்லும்போதே சாயந்திரம் வரைக்கும் இவள் இருக்க வேண்டுமே என்று ஒரு எண்ணம் சுருக்கென்று குத்தியது, அதை முகத்தில் காட்டிவிடக் கூடாது என்று குனிந்து செருப்பு மாட்டினாள், நிமிர்ந்தபோது ஜெர்லின் அந்தக் குனிந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையின் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் கட்டம் முளைத்தது. நூற்றுக்குப் பதினெட்டு. கிளி சீட்டு எடுத்துவிட்டது. புதிதாக வந்திருக்கும் அந்தக் கணிப்பு முறைக்குக் கோப்புகளில் நீளமான ஒரு பெயர் இருந்தது, ஆனால் அறையில் எல்லோரும் அதைக் கிளி என்றுதான் கூப்பிட்டார்கள், சூப்பர்வைசர் ஹபிபுல்லா சார் வைத்த பெயர், "சீட்டை எடுத்து நீட்டிட்டு அது பாட்டுக்குக் கூண்டுக்குள்ள போயிரும், அதுக்கப்புறம் அவஸ்தைப்படறது நாமதான்," என்பார். இப்போது நீட்டிய சீட்டில் இரண்டு விமானங்கள். கிழக்கே கடலிலிருந்து மேற்கு நோக்கி வரும் ஒரு சரக்கு விமானம், தெற்கே கொழும்பிலிருந்து டெல்லிக்குப் போகும் ஒரு பயணிகள் விமானம், இரண்டும் ஒரே உயரம், இரண்டின் பாதையும் தஞ்சாவூருக்கு மேலே எங்கேயோ ஒன்றையொன்று வெட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே ஐந்து மைல் இடைவெளி இருக்க வேண்டும், அந்த ஐந்து மைலுக்குள் வந்துவிடுவதற்கான வாய்ப்பு நூற்றுக்குப் பதினெட்டு. முன்பெல்லாம் இந்த எண்கள் கிடையாது. முன்பெல்லாம் சந்தேகம் வந்தால் போதும், ஒன்றை மேலே ஏற்று, ஒன்றைக் கீழே இறக்கு, திருப்பு, முடிந்தது, அப்புறம் தேநீர் குடி. இனிமேல் அது நடக்காது, வானத்தில் கூட்டம் இரண்டு மடங்காகப் போகிறது, சந்தேகப்பட்டதையெல்லாம் திருப்பிக்கொண்டிருந்தால் ஒன்றுக்காகத் திருப்பியது இன்னொன்றின் மேல் போய் நிற்கும், அதனால் அறுபதைத் தாண்டும்வரை தொடக் கூடாது என்பது புது விதி. தொடாமல் பார்த்துக்கொண்டிரு. பயிற்சி வகுப்பில் குமுதினி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள், கணிப்பு முறையை எழுதிய பொறியாளர்களில் ஒருத்தி, இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது இருக்கும், முடியைப் பென்சிலால் கொண்டை போட்டிருப்பாள். தூரத்தில் இருக்கும்போது காற்று எப்படி மாறும், பைலட் வேகத்தை எவ்வளவு கூட்டுவார், எதுவும் தெரியாது, அதனால் விமானம் இருக்கக்கூடிய இடம் ஒரு பெரிய மேகம் மாதிரி விரிந்து கிடக்கும், கிட்டே வர வர மேகம் சுருங்கும், சுருங்கும்போது எண் முதலில் ஏறும், அப்புறம் சட்டென்று இறங்கிவிடும், பெரும்பாலும் இறங்கிவிடும், அந்த ஏற்றத்தைப் பார்த்துப் பயந்து தொடக் கூடாது. "அந்த எண் விமானத்தைப் பத்தினது இல்ல மேடம்," என்றாள் குமுதினி, "நமக்கு எவ்வளவு தெரியாதுங்கறதைப் பத்தினது. விமானத்துக்கு ஒரே ஒரு பாதைதான். அது அதுல போயிட்டேதான் இருக்கு." வகுப்பில் எல்லோரும் தலையாட்டினார்கள். பியூலா மட்டும் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். ஒரே ஒரு பாதைதான். அது அதில் போய்க்கொண்டேதான் இருக்கிறது. பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தாள். அப்படியானால் ஜெர்லினும் ஏற்கெனவே ஏதோ ஒரு பாதையில்தான் இருக்கிறாள், அதன் முனையில் என்ன இருக்கிறதோ அது இருக்கிறது, தெரியாதது எனக்கு மட்டும்தான்.

இருபத்துநான்கு. சரக்கு விமானத்தின் பைலட் கூப்பிட்டார், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற குரல், பியூலா பதில் சொன்னாள், அவளுடைய குரல் தெளிவாக, ஈரமில்லாமல், அழுத்தமாக வந்தது, எப்போதும் அப்படித்தான் வரும், போன வருஷம் மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து மஸ்கட்டில் இருக்கும் கணவன் தன்ராஜுக்குப் போன் செய்தபோதும் இதே குரல்தான் வந்தது, "ஜெர்லினை ஐசியூல வச்சிருக்காங்க, உயிருக்கு ஆபத்து இல்லன்னு சொல்றாங்க, நீங்க டிக்கெட் போடுங்க," மூன்று வாக்கியம், இடையில் மூச்சு வாங்கக்கூட இல்லை, தன்ராஜ் அந்தப் பக்கம் அழுதான், அழுதுகொண்டே, "நீ எப்படி இவ்வளவு திடமா இருக்க," என்றான், அது பாராட்டா குற்றச்சாட்டா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. வந்தான், இருந்தான், லீவு முடிந்ததும் போனான். "நீ ரொம்ப யோசிக்கற," என்பான் இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைப் போனில். அவனுக்கு அது நடந்து முடிந்த ஒரு காரியம். அவளுக்கு அது முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றைக்கு அவள் டாக்டரைத் தனியாகப் போய்ப் பிடித்தாள். "மறுபடி நடக்குமா சார்?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வயதானவர், நல்லவர்தான். "இப்படி ஒரு தடவை பண்ணிக்கிட்டவங்கள்ல பெரும்பாலானவங்க மறுபடி அதைச் செய்யறதில்லம்மா. நல்லா ஆயிடறாங்க. படிக்கறாங்க, வேலைக்குப் போறாங்க, கல்யாணம் பண்ணிக்கறாங்க." பெரும்பாலானவங்க. பியூலா அந்தச் சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள், நல்ல சொல்தான், நன்றாகப் பிடித்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது, ஆட்டோவில் ஜெர்லின் தோளில் சாய்ந்திருந்தாள், மருந்து வாசனை, வேர்வை வாசனை, குழந்தையில் இருந்த அதே உச்சந்தலை வாசனை, பாலத்தின் மேல் ஏறும்போதுதான் அந்தச் சொல்லின் மறுபக்கம் தெரிந்தது. பெரும்பாலானவர்கள் என்றால் மிச்சம் சிலர் இருக்கிறார்கள். அந்தச் சிலருக்கும் ஒரு அம்மா இருந்திருப்பாள், அவளிடமும் இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இதையேதான் சொல்லியிருப்பார், பொய் சொல்லியிருக்க மாட்டார், அவள் ஆட்டோவில் போகும்போதும் பிள்ளை தோளில் சாய்ந்துதான் இருந்திருக்கும். எண்ணுக்கு ஆள் தெரியாது. எண் கும்பலைப் பார்த்துப் பேசும். எனக்கு ஒருத்திதானே, அவள் முழுசாக இருப்பாள் இல்லை முழுசாக இருக்க மாட்டாள், நூற்றுக்கு இத்தனை பங்கு என்று இல்லாமல் போக அவளால் முடியாதே.

முப்பத்தொன்று. ஏறும், அப்புறம் இறங்கும். பக்கத்து நாற்காலியில் யாரோ டிபன் டப்பாவைத் திறந்தார்கள், எலுமிச்சை சாதத்தின் வாசனை, வீட்டில் ஃப்ரிட்ஜில் நேற்றைய குழம்பு இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடு என்று சொன்னாளா, சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அதுவும் கண்காணிப்பு. எதைச் சொன்னாலும் கண்காணிப்பு, எதைச் சொல்லாவிட்டாலும் ஜெர்லினுக்குத் தெரிந்துவிடும், இப்போது அம்மா எதையோ சொல்லாமல் விழுங்குகிறாள் என்று. முதல் வாரத்தில் பியூலா வீட்டுக் கதவுகளின் தாழ்ப்பாள்களைக் கழற்றினாள். தச்சரைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார், தானே ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கழற்றினாள், படுக்கையறை, பாத்ரூம், மாடிக்குப் போகும் கதவுக்கு மட்டும் மாறாகப் புதுப் பூட்டு. ஜெர்லின் சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கழற்றி முடித்ததும் தரையில் கிடந்த திருகாணிகளைப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. கத்தியிருக்கலாம். பிறகு மணிக்கொரு தரம் போன், ஷிப்ட்டில் போன் கூடாது என்பதால் இடைவேளை வரும்போதெல்லாம் லாக்கருக்கு ஓட்டம், முதல் மணிக்கே எடுத்துவிட்டால் நிம்மதி, எடுக்காவிட்டால் அந்தச் சில நொடிகளுக்குள் பியூலா வீட்டுக்குப் போய்க் கதவைத் தள்ளி எல்லாவற்றையும் பார்த்து முடித்து, பெட்டி வாங்கி, ஊருக்குச் சொல்லி, மார்த்தாண்டத்துக் கல்லறைத் தோட்டத்தில் மழையில் நின்றிருப்பாள், அதற்குள் "என்னம்மா" என்ற குரல் வந்துவிடும். "ஒண்ணும் இல்ல மக்ளே, சும்மா." அவள் எத்தனை தடவை ஜெர்லினை அடக்கம் செய்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் ஜெர்லின் சும்மா குளித்துக்கொண்டிருந்தாள், இல்லை மொட்டை மாடிக்குப் போக முடியாததால் வாசல்படியில் நின்று எதிர்வீட்டு நாயோடு பேசிக்கொண்டிருந்தாள். அப்படித் தப்பாகப் போன ஒவ்வொரு பயமும் அடுத்ததைக் குறைக்கவில்லை, கூட்டியது. இதுவரை நடக்கவில்லை, அதனால் இனிமேல்தான் நடக்க வேண்டும் என்பது மாதிரி. இது கணக்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும், படித்தவள், பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியவள், நாணயத்துக்கு ஞாபகம் கிடையாது என்று அவளே புதிதாக வருபவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறாள். ஆனால் ஜெர்லின் நாணயம் இல்லை. ஜெர்லினுக்கு ஞாபகம் உண்டு. அந்த ஞாபகத்துக்குள் பியூலா இருக்கிறாள், ஸ்க்ரூடிரைவரோடு.

நாற்பத்துமூன்று. இப்போது இறங்க வேண்டும். இந்த இடத்தில்தான் பெரும்பாலும் இறங்கும். கறுப்புத் திரையில் இரண்டு புள்ளிகளும் அவசரமே இல்லாமல் ஊர்கின்றன, ஒவ்வொரு முறை ரேடார் சுற்றும்போதும் ஒரு துளி முன்னால், ஒரு துளி முன்னால், தஞ்சாவூரில் யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் இரண்டு வெள்ளைக் கோடுகள்தான். நாற்பத்தேழு. போன வருஷம் பிப்ரவரியில் அவளிடம் யாரும் எண் காட்டவில்லை. காட்டியிருந்தால் தொட்டிருப்பேனா. பிப்ரவரியில் ஜெர்லின் சாப்பாட்டைக் குறைத்தாள், பிசியோதெரபி கடைசி வருஷம், படிப்பு அழுத்தம் என்று நினைத்தேன், பத்து. தோழிகளோடு பேசுவதை நிறுத்தினாள், பதினைந்து. ஒருநாள் தன் புதுக் கம்மலைச் சித்தி மகளுக்குக் கொடுத்துவிட்டாள், சும்மா, பிடித்திருந்தால் வச்சுக்கோ என்று, அப்போது அது அவளுடைய நல்ல மனசு, இப்போது நினைத்தால் எழுபது. அன்றைக்கு எழுபது எங்கும் இல்லை. அன்றைக்கு எல்லாமே ஒரு மேகம், வீட்டுக்கு வீடு எல்லாப் பெண்களும் சாப்பாட்டைக் குறைக்கிறார்கள், எல்லாப் பெண்களும் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் போய்த் தொட்டுக்கொண்டிருந்தால், வேண்டாம், பார்த்துக்கொண்டிருப்போம், தானாகச் சரியாகிவிடும் என்றுதானே. தூரத்தில் இருக்கும்போது எதுவும் தெரியவில்லை, தெரிந்தபோது தூரம் இல்லை. ஐம்பத்திரண்டு. இப்போது தொட்டால் மெதுவாகத் திருப்பலாம், பயணிகளின் கையில் இருக்கும் காபி சிந்தாது. அறுபது வரை நின்றால் கூர்மையாகத் திருப்ப வேண்டியிருக்கும், ஆனால் நேரம் இருக்கும், குமுதினியின் கணக்குப்படி இருக்கும், கணக்குப்படி. அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது. எப்போது அங்கே போனது என்று தெரியவில்லை. ஐம்பத்துநான்கு. ஜெர்லின் இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள். ஐம்பத்துநான்கு. அவள் இப்போது, இந்த நொடியில். "இடப்பக்கம் பதினைந்து டிகிரி திரும்புங்கள்," என்று தன் குரல் சொல்வதை பியூலா கேட்டாள், ஈரமில்லாத, திடமான குரல், சரக்கு விமானத்தின் தூக்கக் கலக்கக்காரர் திருப்பிச் சொன்னார், புள்ளி திரும்ப ஆரம்பித்தது, மஞ்சள் கட்டத்தில் எண் படபடவென்று சரிந்து மூன்றில் போய் நின்றது. மூன்று. எவ்வளவு அழகான எண். அவள் மூச்சை வெளியே விட்டாள், அந்த மூச்சு முடிவதற்குள் திரையின் கீழ்ப்பக்கத்தில் இன்னொரு மஞ்சள் கட்டம் முளைத்தது. தெற்கே மாலத்தீவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு விமானம், இதுவரை யாரோடும் சம்பந்தமில்லாமல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்போது திரும்பிய சரக்கு விமானத்தின் எதிரே. முப்பத்தெட்டு. நாற்பத்தொன்பது. அறுபத்தாறு. சிவப்பு.

அதை அவள் சமாளித்தாள். மாலத்தீவு விமானத்தை உடனே கீழே இறக்கினாள், சரக்கு விமானத்தை மறுபடி வலது பக்கம் இழுத்தாள், இரண்டு பைலட்டுகளில் ஒருவர் எரிச்சலோடு ஏன் என்று கேட்டார், போக்குவரத்து என்றாள், ஒன்றும் ஆகவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை, ஐந்து மைல் கொஞ்சமும் குறையவில்லை. ஹபிபுல்லா சார் பின்னால் வந்து நின்றிருந்தது அவர் சட்டையின் அத்தர் வாசனையில்தான் தெரிந்தது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. "ஐம்பத்துநாலுல தொட்டுட்டீங்க," என்றார் தாழ்ந்த குரலில்.

"ஏறிக்கிட்டே இருந்துச்சு சார்."

"இறங்கியிருக்கும் மேடம்."

"இறங்காம இருந்திருந்தா?"

அவர் வேறொருவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, "கொஞ்சம் இடைவேளை எடுத்துக்கோங்க," என்றார். பின்வரிசையில் குமுதினி தன் கணினியில் ஏதோ ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், பியூலா கடந்து போகும்போது நிமிர்ந்தாள், சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள், சொன்னாள். "தொடாம விட்டிருந்தா ஒன்பது மைல் தள்ளிப் போயிருக்கும் மேடம்."

"நிச்சயமாவா?"

"கிட்டத்தட்ட. நூத்துக்குத் தொண்ணூறு."

பியூலாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே நடந்தாள், அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, பாவம். முடிந்துபோன ஒன்றுக்கும் நூற்றுக்குத் தொண்ணூறுதான். நடக்காமல் போனது எங்கே இருக்கிறது, யாரால் போய்ப் பார்க்க முடியும், தொட்ட மறுநொடியே தொடாத உலகம் அழிந்துவிடுகிறது, அதற்கப்புறம் நான் காப்பாற்றினேனா கெடுத்தேனா என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை. இந்தப் பதினோரு மாதமாக ஜெர்லின் உயிரோடு இருக்கிறாள். தாழ்ப்பாளைக் கழற்றியதால் இருக்கிறாளா. கழற்றிய பிறகும் இருக்கிறாளா. கழற்றாமல் இருந்திருந்தால் இதற்குள் சிரித்துக்கொண்டிருப்பாளா. தெரியாது. ஒருநாளும் தெரியப் போவதில்லை. நல்லபடியாக முடிந்தாலும் தெரியாது, ஜெர்லினுக்கு எழுபது வயதாகிப் பேரன் பேத்தியோடு இருந்தாலும்கூடத் தெரியாது. தாழ்வாரத்தின் நீளம் முழுக்க அவளுடைய செருப்புச் சத்தம் அவளைத் துரத்திக்கொண்டே வந்தது. லாக்கரைத் திறந்தாள், போனை எடுத்தாள், ஓய்வறையில் யாரும் இல்லை, கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. எடுக்கவில்லை. அவள் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள், கூடத்தைக் கடந்துவிட்டாள், கதவு, தாழ்ப்பாள் இல்லாத கதவு, கையை வைத்தால் போதும், வைக்க மாட்டேன், மறுபடி கூப்பிட்டாள், மணி, மணி, ஆண்டவரே, மணி.

"அம்மா."

அந்தப் பக்கம் ஏதோ பெரிய இரைச்சல். யாரோ சுண்டல் சுண்டல் என்று கத்திக்கொண்டு போனார்கள்.

"எங்கே இருக்க நீ? என்ன சத்தம்?"

"ரயில்ல இருக்கேன்மா. காட்பாடி தாண்டியாச்சு." ஜெர்லினின் குரல் உயர்ந்தும் இல்லை, தாழ்ந்தும் இல்லை. "மங்களூர் போறேன்."

பியூலா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "சாயந்திரம் பேசலாம்னு சொன்னேனே மக்ளே."

"நீ பத்து நாளா அதைத்தான் சொல்ற. வேண்டாம்னும் சொல்ல மாட்ட, சரின்னும் சொல்ல மாட்ட. உனக்கு உறுதியாத் தெரியணும். எனக்கே அது தெரியாதும்மா, உனக்கு எப்படித் தெரியும்?"

"தனியாவா போற?"

"டாக்டர்கிட்ட போன வாரமே பேசிட்டேன். மாத்திரை மூணு மாசத்துக்கு இருக்கு. அங்க ஒரு டாக்டர் பேரு குடுத்திருக்கார். கிளினிக்ல வேலை பார்க்கற ரேவதி அக்கா ஸ்டேஷனுக்கு வருவாங்க, அவங்க வீட்லதான் தங்கப் போறேன்." எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள், அம்மா எதையெல்லாம் கேட்பாள் என்று முன்னாலேயே யோசித்து வைத்திருந்தது தெரிந்தது. "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. நீ என்னைப் பார்க்கறப்பல்லாம், நான் செத்துருவேனோன்னுதான் பார்க்கற. காலையில எழுந்து பல்லு விளக்கறப்ப, சிரிக்கறப்ப, கத்திரிக்கோலை எடுக்கறப்ப. நானும் உன் கண்ணைப் பார்க்கறேன்ல. பார்த்துப் பார்த்து எனக்கும் அப்படித்தான்னு தோணிடுது. நல்லா இருக்கற நாள்லகூட."

பியூலாவின் திடமான குரல், ஐசியூ வாசலில்கூட வந்த குரல், எங்கேயோ போய்விட்டது. இறங்கு என்று சொல்லலாம். அடுத்த ஸ்டேஷனில் இறங்கு, நான் டாக்சி எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லலாம், சொன்னால் இறங்குவாள், அவள் அப்படிப்பட்ட பெண்தான், பிளாட்பாரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், வீட்டுக்கு, அதே மேஜைக்கு. திருகாணிகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்ட அந்த விரல்கள். "மக்ளே," என்றாள். அதற்கு மேல் போகவில்லை.

"அழாதம்மா."

"அழல."

"ஷிப்ட்டுக்குப் போ. நான் கூப்பிடறேன்."

"எப்ப?"

இரைச்சல் கூடியது, பாலமோ வேறொரு ரயிலோ, ஜெர்லின் ஏதோ சொன்னாள், ஒரு சொல், இல்லை இரண்டு சொல், அது "நாளைக்கு" என்பதா "நான் எப்பவாவது" என்பதா புரிவதற்குள் தொடர்பு அறுந்தது.

கதவை லேசாகத் தட்டிவிட்டு ஹபிபுல்லா சார் எட்டிப் பார்த்தார். "மேடம், அடுத்த அரை மணியில உட்கார்றீங்களா? கொஞ்சம் கூட்டம் வருது." அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். "வீட்ல எல்லாம் நல்லபடிதானே?"

எல்லோரும் இப்படித்தான் கேட்கிறார்கள், ஆமா இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் இருப்பது மாதிரி. "தெரியல சார்," என்றாள் பியூலா. "இன்னைக்கு வேற யாரையாவது உட்கார வைங்க. என்னால ஆகாது." இத்தனை வருஷத்தில் அவள் இதைச் சொன்னதில்லை. அவர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள், போனை மடியில் வைத்தாள், அதன் வெளிச்சம் அணைந்தது, விரலால் தொட்டாள், ஜெர்லினின் பெயர் மேலே இருந்தது, ஒரு தொடுதல் போதும், மணி அடிக்கும், அந்தப் பக்கம் அந்தப் பெண் ஜன்னலோரத்தில் இருந்தால் போனைப் பார்ப்பாள், அம்மா என்று இருக்கும், அவள் முகம் எப்படி மாறும் என்று பியூலாவுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வெளிச்சம் அணைந்தது. ஆம்பூர், அப்புறம் வாணியம்பாடி, அப்புறம் ஜோலார்பேட்டை, கதவோரம் கூட்டமாக இருக்குமா, கதவு திறந்தே இருக்குமா, யாராவது பக்கத்தில் இருப்பார்களா, கூப்பிடக் கூடாது, ஈரோடு, இருட்டிவிடும், அவள் பெர்த்தில் ஏறிப் படுப்பாள், இல்லை படுக்க மாட்டாள், கூப்பிடக் கூடாது. கூப்பிடாமல் இருப்பதுதான் அவளைக் காப்பாற்றும் என்று பியூலா நம்பவில்லை. கூப்பிட்டால் காப்பாற்றும் என்றும் நம்பவில்லை. நம்ப அவளிடம் எதுவுமே மிச்சமில்லை, இரண்டு கைகள் மட்டும்தான் இருந்தன, அவற்றைத் தொடைகளுக்கு அடியில் திணித்து, அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.